ஆஸ்பத்திரி சர்வர் படுத்துட்டா நோயாளிக்கு என்ன ஆகும்?

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரை எவனோ ஹேக் பண்ணிட்டான்னு செய்தி வந்தா உங்களுக்கு என்ன தோணும்?

"பில் போட முடியாது, அவ்ளோதானே. நோட்டுல எழுதிக்கலாமே" அப்படித்தானே?

கொஞ்சம் பொறுங்க.

2024 ஜூன் 3. லண்டனின் பெரிய மருத்துவமனைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து தரும் சின்னோவிஸ் என்ற நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியது. அதாவது, உள்ளே புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டு போட்டுட்டு, "சாவி வேணும்னா பணம் கொடு" என்று மிரட்டும் வேலை.

மருத்துவமனை கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகலை. டாக்டர்கள் இருந்தாங்க, நர்சுகள் இருந்தாங்க. ஆனா ரத்த குரூப் பார்த்து பொருத்திக் கொடுக்கும் வேலை வழக்கமான வேகத்தில் நடக்கவில்லை. அதனால் யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய ஓ குரூப் ரத்தத்தை அதிகமாக எடுக்க ஆரம்பித்தார்கள். "ஓ குரூப் காரங்க வந்து ரத்தம் கொடுங்க" என்று அரசு ரத்த வங்கியே வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று. 10,000-க்கும் மேற்பட்ட புறநோயாளி அப்பாயின்ட்மென்ட்கள் தள்ளிப்போயின.

ஒரு வருடம் கழித்து, 2025 ஜூனில், கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை நிர்வாகம் ஒன்றை உறுதி செய்தது. ஒரு நோயாளியின் மரணத்துக்குப் பங்களித்த காரணங்களில் ஒன்று, அந்தத் தாக்குதல் சமயத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வர ஆன நீண்ட தாமதம்.

ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போச்சுன்னா இதயம் நின்னுடலாம். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம். ரிசல்ட் கைக்கு வந்தாத்தான் எங்களுக்கே நிச்சயமா தெரியும். அந்த ரிசல்ட் வர்ற பாதையில் ஒருத்தன் உட்கார்ந்துகிட்டு பணம் கேட்கிறான். விஷயம் இவ்வளவுதாங்க.

அடுத்து அயர்லாந்து. என்னைக் கேட்டா, மருத்துவமனை நடத்தும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கதை இது.

2021 மார்ச் 18. அந்நாட்டு அரசு சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர், மெயிலில் வந்த எக்செல் ஃபைலைத் திறக்கிறார். கிருமி உள்ளே வந்துவிட்டது. ஆனா பூட்டு விழுந்தது மே 14 அன்றுதான். நடுவில் எட்டு வாரம்!

எங்க பாஷையில் இதை இன்குபேஷன் பீரியட் என்போம். அந்த எட்டு வாரமும் திருடன் வீட்டுக்குள்ளேயே ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

யாருக்குமே தெரியாதா? ஆன்டிவைரஸ் மார்ச் 31-லேயே கண்டுபிடித்து எச்சரித்தது. ஆனா "பார்த்துச் சொல்லு, தடுக்காதே" என்ற செட்டிங்கில் அதை வைத்திருந்தார்கள். ஐசியூவில் மானிட்டர் அலறுது, வார்டில் ஆள் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அதே நிலைமை.

பிறகு வந்த விசாரணை அறிக்கையில், இணையப் பாதுகாப்புக்கு மட்டுமே பொறுப்பான ஒரு உயர் அதிகாரிகூட அங்கே இல்லை என்பது தெரிந்தது. ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் 7-ல் பல்லாயிரம் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அயர்லாந்து அரசு பணம் கொடுக்க மறுத்தது. ஆறே நாளில் திருடர்களே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் எல்லாம் பழைய நிலைக்கு வர செப்டம்பர் ஆனது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு.

இப்படி ஏதாவது நடந்தால் உடனே "யார் அந்த மெயிலை கிளிக் பண்ணது?" என்று ரிசப்ஷன் பெண்ணைப் பிடித்துத் திட்டுவோம். ஒரு நாளைக்கு இருநூறு மெயில் பார்க்கிறவங்க ஒண்ணுல ஏமாறத்தான் செய்வாங்க. மனுஷங்கதானே. திட்டு விழும்னு பயந்தால் அடுத்த தடவை சொல்லவே மாட்டாங்க. காய்ச்சல் வந்ததை மறைக்கிற நோயாளி மாதிரி ஆகிடும். "சார், தப்பா எதையோ அழுத்திட்டேன்" என்று ஐந்தாவது நிமிடத்தில் வந்து சொல்கிற ஊழியரைப் பாராட்டுங்க. அந்த எட்டு வாரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்தவர் அவர்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டு முதல் லேப் ரிசல்ட் வரை இரண்டு வாரம் போல கையெழுத்திலேயே ஓடியது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது.

பிரித்து வைப்பது என்றால்? டிபி நோயாளியை மகப்பேறு வார்டில் படுக்க வைப்போமா? அதே லாஜிக்தான். கேன்டீன் பில் போடும் கம்ப்யூட்டர், ஸ்கேன் மிஷின், விசிட்டர் வைஃபை எல்லாம் ஒரே கம்பியில் இருந்தால் ஒன்றில் வந்தது எல்லாவற்றுக்கும் பரவும். எய்ம்ஸைக் காப்பாற்றியது, பாதிக்கப்படாத இன்னொரு சர்வரில் இருந்த பேக்கப்.

"நாங்க முப்பது பெட் நர்சிங் ஹோம், எங்களை எவன் சீண்டுவான்?" என்று கேட்கும் நண்பர்களே, இந்தக் கூட்டம் ஆள் பார்த்து வருவதில்லை. எந்தக் கதவு திறந்திருக்கு என்று இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் வேலையை மிஷினே செய்கிறது. 2024-ல் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் எவ்வளவு பெரிய கம்பெனி! திருடிய பாஸ்வேர்டு ஒன்றை வைத்து உள்ளே வந்தார்கள். அந்த லாகினுக்கு ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு போடவில்லை. 2.2 கோடி டாலர் கொடுத்தார்கள். கொடுத்த பிறகும் இன்னொரு கும்பல் அதே தரவைக் காட்டி மிரட்டியது. அதனால்தான் பணம் கொடுக்காதீங்க என்கிறேன்.

ஏடிஎம் கார்டு திருட்டுப் போனால் பிளாக் பண்ணலாம். மருத்துவ ரகசியம் வெளியே போனால்? பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை மையத்தின் குறிப்புகளைத் திருடியவன், 2020-ல் நோயாளிகளுக்கே தனித்தனியாக மெயில் போட்டு பணம் கேட்டான். டாக்டரிடம் மட்டும் அழுது சொன்னதை ஊருக்குச் சொல்வேன் என்ற மிரட்டல். இதை நம்ம ஊர் குழந்தையின்மை மையத்துக்கோ, ஹெச்ஐவி ரிப்போர்ட்டுக்கோ பொருத்திப் பாருங்க. எத்தனை குடும்பம்!

அப்ப கிளினிக் நடத்துறவங்க இந்த வாரம் என்ன பண்ணலாம்? மானிட்டரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு சீட்டைக் கிழிங்க. வேலையை விட்டுப் போனவரின் லாகினை மூடுங்க. திருட்டு விண்டோஸை எடுத்துட்டு அப்டேட் வருகிற ஒரிஜினல் போடுங்க. அப்டேட் என்பது தடுப்பூசி, தள்ளிப்போட்டால் வினைதான். ஒரு பேக்கப்பை ஹார்ட் டிஸ்கில் எடுத்து, வயரைப் பிடுங்கி, வேறு இடத்தில் வையுங்க. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைல் திறக்குதான்னு பாருங்க. திறந்தே பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இன்னொண்ணு, புதுசு. முதலாளி குரலிலேயே, ஏன் வீடியோவிலேயே வந்து "அவசரம், பணம் அனுப்பு" என்கிறார்கள். ஹாங்காங்கில் அரப் நிறுவன ஊழியர் இப்படிப் போலி வீடியோ மீட்டிங்கை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டுக் கேளுங்க. முதலாளியும் அதற்குக் கோபப்படக் கூடாது.

தாக்குதல் நடந்தால் மூடி மறைக்காதீங்க. ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உத்தரவு. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930.

நோயாளிகளாகிய உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. எந்த மருந்து அலர்ஜி, என்ன மாத்திரை எந்த அளவில் சாப்பிடுறீங்க, ரத்த குரூப் என்ன, கடைசியா என்ன ஆபரேஷன்: ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்க. வீட்டில் பெரியவங்களுக்கு நீங்களே எழுதிக் கொடுங்க. சர்வர் படுத்துக் கிடக்கிற ராத்திரி எமர்ஜென்சிக்கு வந்தீங்கன்னா, டியூட்டி டாக்டர் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.