கையெழுத்து அழகுதான்... மண்டபம் பேரு தெரியுதா?

ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் வந்துவிட்டால் திண்டுக்கல் அச்சகங்களில் கூட்டம்தான். மணமக்கள் பெயர் மட்டும் யாரோ பேனா பிடித்து எழுதியதுபோல, லேசாகச் சாய்ந்து, வாலை நீட்டி வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறைய.

ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட எழுத்துருக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே எழுத்துகள் கைகோத்து ஓடும். அந்த ஓட்டமே அழகு. தமிழ் எழுத்துகளோ தனித்தனியாக நிற்பவை. சாய்விலும் சுழியிலும்தான் கையெழுத்துச் சாயலைக் கொண்டுவர வேண்டும். போதாததற்கு கு, டு, மு, ரு எல்லாம் ஆளுக்கொரு வடிவம். 18 மெய்க்கும் உகர, ஊகார வரிசை மட்டுமே 36 வடிவங்கள் வரைய வேண்டும். தமிழில் இந்த வகை குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இருப்பதில் நல்லது ஒன்று, கவிவனார். இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கியது. கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசம். திறந்த உரிமத்தில் இருப்பதால் பத்திரிகை, கடை போர்டு என்று தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இணையத்தில் 'இலவசம்' என்று கிடைப்பவை எல்லாம் அப்படியல்ல. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று உள்ளே ஒரு வரி இருக்கும். யூனிகோடு என்பதால் போனில் டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே அதில் மாற்றிக்கொள்ளலாம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் மறுபடி டைப் அடிக்கும் வேலையும், அதில் வரும் பிழையும் மிச்சம்.

ஆனால், கவனம்! ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் தமிழுக்கான அமைப்பு தேர்வாகாமல் இருந்தால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். 'கொடைரோடு', 'வேடசந்தூர்' என்று டைப் செய்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். டைப் அமைப்பில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தால் சரியாகும். எழுத்துருவின் மேல் பழி இல்லை.

இன்னொன்று, அளவு. பெரிதாக அடித்த பெயரில் கொஞ்சும் எழுத்து, சின்னதாக அடித்த முகவரியில் படுத்தி எடுக்கும். முதலில் காணாமல் போவது புள்ளி. அடுத்து, துணைக்காலும் ரகரமும் குழம்பும். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள், படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். பஸ் ஏறி வரும் சொந்தக்காரர் எதை ஊகிப்பார்? கையெழுத்து பெயர்களோடு நிற்கட்டும். முகூர்த்த நேரம், மண்டபம், ஊர், போன் நம்பர் எல்லாம் நேரான, சாதாரண எழுத்தில் இருக்கட்டும்.

ப்ரூஃபை போனில் விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். ஒரே ஒரு பிரதி, உண்மையான அளவில் எடுத்து வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். மண்டபம் பெயரை அவர் தடுமாறாமல் படித்துவிட்டால் அச்சுக்கு அனுப்பலாம்.