நாயின் மேல் பயிர் மருந்தை ஊற்றாதீர்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், தோட்டக் காவலுக்கு நிற்கும் வெள்ளை நாயை அறியாத விவசாயி இல்லை. 2005-ஆம் ஆண்டு அஞ்சல் துறை அதன் படத்தைத் தபால்தலையாகவே வெளியிட்டது. பெருமைக்குக் குறைவில்லை, பராமரிப்பில்தான் குறை. மாட்டின் உண்ணியைப் பொறுமையாகக் கையால் பிடுங்குகிறவரும், நாய் என்றால் தெளிப்பானைத் தேடுகிறார். பருத்திக்கு அடித்தது போக மிஞ்சிய மருந்தை வாளித் தண்ணீரில் கலந்து நாயின் மேல் ஊற்றும் பழக்கத்தை உடனே கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மருந்து தோல் வழியாகவே உடலில் ஏறும். நாய் தன்னை நக்கும்போது வயிற்றுக்கும் போகும். வாயில் எச்சில் வழிந்து, உடல் நடுங்கி, மூச்சுத் திணறினால் அது நஞ்சின் அறிகுறி. கையுறை அணிந்து, சோப்பும் ஏராளமான தண்ணீரும் கொண்டு நாயைக் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு விரையுங்கள். அந்த நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தையையும் நினைத்துப் பாருங்கள். “எங்கள் அப்பா காலத்தில் பி.எச்.சி. தூளையே பூசினோம், ஒன்றும் ஆகவில்லை” என்பார்கள். அந்தத் தூள் 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது.

இத்தனை ஆபத்துக்கும் பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை. நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்தது என்ற மூன்று பருவத்திலும் இரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைக்கும். ஆகவே நாய் படுக்கும் இடத்தில் சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். சாக்குப் படுக்கையை வெந்நீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். நாயின் உடலுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதை அதன் எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, தீனி எடுக்காமல் காய்ச்சலில் கிடந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்கலாகாது.

கம்பி போன்ற முரட்டு முடியுள்ள அயல்நாட்டு டெரியர் வகைகளுக்கு முதிர்ந்த முடியைக் கையால் பறித்தெடுக்க வேண்டும். நம் நாய்க்கு அந்த வேலை இல்லை. குட்டையாகப் படிந்த முடி; தினமும் ஐந்து நிமிடம் தூரிகையால் தேய்த்தால் போதும். அப்போதே காது மடலையும் விரலிடுக்கையும் விரித்துப் பார்த்துவிடலாம். உண்ணி ஒளிவதும் நெருஞ்சி முள் தைப்பதும் அங்கேதான். உண்ணியை நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கோடையில் மழித்துவிடுகிறார்கள் சிலர். முடிக்கு அடியில் இருப்பது இளஞ்சிவப்புத் தோல். நம் வெயிலில் வெந்துவிடும். வெள்ளை மங்காதிருக்கத் துணி சோப்புப் போட்டு அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு சொறிதான் மிஞ்சும்.

இந்த வெள்ளை மோகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறமி உயிரணுக்கள் உட்செவிக்கும் தேவை. அவை இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே காது கெட்டுவிடும். இந்த இனத்தில் இது அறிந்த குறைதான். செவிட்டு நாய் தோட்டத்தைக் காக்குமா? குட்டி வாங்கும்போது ஆறு வாரமாவது ஆனதாகப் பார்த்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கை தட்டுங்கள். மற்றக் குட்டிகளைப் பார்த்துத் திரும்பிவிடும் என்பதால் தனியாகப் பிரித்து வைத்துச் சோதியுங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பிவிடும். ஆனால் இரண்டும் கேளாதது அகப்பட்டுவிடும்.