மிரளும் பூனைக்குட்டி



பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வருகிறார்கள். வீட்டுக்குள் விட்டதும் அது அலுமாரிக்கடியில் புகுந்து கொள்கிறது. கை நீட்டினால் சீறுகிறது, பிறாண்டுகிறது. "பொல்லாத பூனை, கொண்டுபோய் விடு" என்று அதட்டுகிறோம். அது பொல்லாத்தனமல்ல, பயம்.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்: "இதன் தாய் எங்கே?" ஒரு பிரயாணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்தது. குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பூனைக்குட்டி சுமார் 8 வாரம் வரையாவது தாயுடன் இருக்க வேண்டும். தாய் இருந்தால் எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள்.

தாயற்ற குட்டியென்றால் அரவணையுங்கள். 2 முதல் 7 வாரம் வரையான பருவத்திலேயே குட்டி மனிதரை இலகுவில் பழகிக்கொள்ளும். அதன்பின் பழக்க அதிக நாட்களும் அதிகப் பொறுமையும் தேவை.

சத்தமில்லாத ஓர் அறையின் மூலையில், வாயில் வெட்டிய அட்டைப்பெட்டியொன்றைப் பழந்துணி விரித்து வையுங்கள். ஒளிந்துகொள்ள இடமிருந்தால்தான் பயம் தெளியும். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். உணவுண்ணும் வயதை அடைந்திருந்தால் உப்பு, கொச்சிக்காய், வெங்காயம் சேராமல் அவித்து, முள் நீக்கிய மீன் சிறிது கொடுக்கலாம். இன்னும் பால்குடிக்கும் குட்டியாயின் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

பிறகு நிலத்தில் அமருங்கள். உற்றுப் பார்க்க வேண்டாம். அது வந்து விரலை முகரட்டும். கன்னத்தையும் தாடையையும் மெல்லத் தடவுங்கள். வயிற்றைத் தொடாதீர்கள், மேலிருந்து திடீரெனக் கையை இறக்காதீர்கள். காதுகள் பின்னால் மடிந்தாலோ, வால் வெடுக்கென அசைந்தாலோ, கையை எடுத்துவிடுங்கள். ஒரு நாளில் பல தடவை, தடவைக்குச் சில நிமிடம் போதும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சின் கீழும், மறு கை பின்னங்கால்களின் கீழும் இருக்கட்டும்.

அபூ கதாதா (ரழி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா வுழூவுக்குத் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை வந்தது. அவர்கள் அதை விரட்டவில்லை. அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நின்ற மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிமொழியைச் சொன்னார்கள். அந்தச் சாய்த்துக் கொடுக்கும் கையைத்தான் நம் பிள்ளைகள் நம்மிடம் காண வேண்டும்.

ஒரு விடயத்தில் அலட்சியம் வேண்டாம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர்வெறுப்பு நோய் கண்டபின் உயிர் தப்புவது மிக அரிது. குட்டிக்குத் தடுப்பூசி போடும் வயதை மிருக வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸை நாம் அறிவோம். வாசலுக்குள் எடுத்த உயிர் ஓர் அமானிதம். அதைப் பேணும் பொறுமையை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக!