நேற்றிரவு எச்சரிக்கை விடியலுக்கு உதவாது

விடியற்காலையில் கடல் பக்கம் வானம் கறுக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். இடியோடு மழை கொட்டும். மலாக்காவில் நமக்குப் பழகிப்போன இந்தப் புயல்காற்றுக்கு ‘சுமத்ரா’ என்றே பெயர். இரவில் சுமத்ரா தீவிலோ நீரிணையிலோ திரளும் இடிமேகங்கள், வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து வருகின்றன.

காற்றில் ஈரம் மிகுந்தால், இடிமழைக்கு வாய்ப்புண்டு என்று முதல்நாளே சொல்லிவிடலாம். எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பது மேகவரிசை ரேடாரில் தெரிந்த பிறகுதான் பிடிபடும். அதனால்தான் மலேசிய வானிலை ஆய்வுத்துறையின் இடிமழை எச்சரிக்கை, ஒருமுறைக்கு 6 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. இரவு 9 மணிக்குப் பார்த்த எச்சரிக்கை, அதிகாலை 3 மணிக்கே முடிந்துவிடும்.

இருட்டோடு பால்மரம் சீவப் போகிறவர்களும், ஜாசின், அலோர்காஜாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளும் வாசல் தாண்டுமுன் ‘மைசுவாச்சா’ செயலியை மறுபடி பாருங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடி என்றால், மின்னல் 1 கிலோமீட்டரில் இருக்கிறது. இடி கேட்டதுமே மரத்தடியை விட்டுக் கட்டடத்திற்குள் போய்விடுங்கள். மழைநாளில் கூலி குறையும் கவலை உண்மைதான். கூலியை மறுநாள் சம்பாதிக்கலாம், உயிரை முடியாது.