தசமபாகமும் காணிக்கையும்

திருமலை உண்டியலில் இடுவதைத் தெலுங்கர் ‘கானுக’ என்பர்; நாம் ‘காணிக்கை’ என்போம். சித்தூர், திருப்பதித் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் பையில் இடுவதற்கும் இவையே பெயர். இரண்டும் ‘காண்’ என்னும் வேரினின்று கிளைத்தவை: காணச் செல்பவர் கையில் கொண்டு செல்வது, அளவைக் கொடுப்பவரே முடிவுசெய்வது.

‘தசமபாகம்’ அத்தகைய சொல்லன்று. அது ஓர் எண். (தெலுங்கு வேதாகமம் ‘பதியவ பாகமு’ என வெளிப்படையாகவே எண்ணிச் சொல்கிறது.) எண் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் பாக்கி வரும். பெயரெழுதிய உறைகளில் மாத ஊதியத்தின் பத்திலொன்றைக் கேட்போர் மல்கியா 3:10-ஐக் காட்டுகின்றனர். அங்குள்ள ‘பண்டசாலை’ உணவு சேர்த்து வைக்கும் இடம் என விளக்கக் கேட்பது அரிது. உபாகமம் 14 பத்திலொன்றை நிலத்தின் விளைச்சலிலேயே கேட்கிறது. மூன்றாம் ஆண்டின் பங்கை லேவியரோடு பரதேசியும் திக்கற்றோரும் விதவையும் உண்ணவேண்டும் என்றும் விதிக்கிறது. உண்ணவேண்டிய அந்த விதவையின் கையிலும் இன்று உறை தரப்படுகிறது.

நிலமற்ற கூலியாளுக்குப் பத்திலொன்று என்பது அரிசிச் செலவு. அரசு ஊழியருக்கோ சேமிப்பின் ஒரு பகுதி.

சபைக்குப் பணம் வேண்டாம் என்பதன்று என் வாதம். 1903-இல் திருநெல்வேலியில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம், அயல்நாட்டுப் பணமின்றி, உள்ளூர்க் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு பேசும் டோர்னக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் கொடுத்தலைப் பற்றி நெடிது பேசுகிறார். விகிதம் எதையும் விதிக்கவில்லை.

தசமபாகம்தான் வேண்டுமெனில், முழுச் சட்டத்தையும் ஏற்கட்டும். ஆண்டுக் கணக்கு வாசிக்கையில் விதவையருக்கும் திக்கற்றோருக்கும் சென்ற தொகையைத் தனி வரியாக வாசிக்கட்டும்.