கூலியா, கைக்கூலியா?

நாயை அழைத்துப் பழக்கும்போது உணவு கொடுப்பது தவறு என்று சொல்லும் நண்பர்கள் நம் விடுதிகளில் பலர் உள்ளனர். “சோற்றைக் காட்டி அழைப்பது கைக்கூலி கொடுப்பதாகும், நன்றியுள்ள நாய் அன்புக்காக வரவேண்டும், வயிற்றுக்காக வரக்கூடாது” என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிமையான வாதந்தான். ஆனால் அந்த இனிமைக்குப் பின்னால் ஒரு கோல் மறைந்திருக்கிறது. அன்புக்காக வராத நாயை இவர்கள் எப்படி வரவழைக்கிறார்கள்? அதட்டியும், கயிற்றைச் சுண்டி இழுத்தும், அடித்தும் அல்லவா? உணவு வேண்டா என்பவர் கையில் இறுதியில் எஞ்சுவது அச்சம் ஒன்றே.

கைக்கூலி எது, கூலி எது என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். செயலுக்கு முன்னே காட்டி ஆசையூட்டுவது கைக்கூலி. செயல் முடிந்த பின் அதற்காகக் கொடுப்பது கூலி. பிஸ்கோத்தை உயர்த்திப் பிடித்து “வா, வா” என்று கெஞ்சுவது கைக்கூலியே. அதை நானும் ஆதரிக்கவில்லை. பிஸ்கோத்தைக் கண்ட நாய் கணக்குப் பார்க்கிறது. ஓடும் அணில் பெரிதா, இந்தப் பிஸ்கோத்து பெரிதா என்று எடை போடுகிறது. கை வெறுங்கையாக இருக்கும் நாளில் அது வருவதே இல்லை. உணவைப் பையிலே மறைத்து வைத்து, ஒருமுறை மட்டும் அழைத்து, நாய் காலடிக்கு வந்த பிறகு எடுத்துக் கொடுப்பது கூலி. ஆய்வு மாணவர் மாதந்தோறும் உதவித்தொகை பெறுகிறார். அதை யாரும் கைக்கூலி என்று இகழ்வதில்லை. நாலு கால் உடைய உழைப்பாளிக்கு மட்டும் வேறு நீதியா?

அறிவியல் இதில் தடுமாறவில்லை. 1898-இல் அமெரிக்க அறிஞர் தார்ன்டைக், பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து வெளியே உணவை வைத்தார். எந்த அசைவு கதவைத் திறந்து உணவைத் தந்ததோ, அந்த அசைவே நிலைத்தது. பயன் தராதவை உதிர்ந்தன. நல்விளைவு தரும் செயல் வலுப்பெறும் என்பது அவர் கண்ட விதி. இரஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவுக்கு முன் தவறாமல் வரும் ஓர் அடையாளமே நாயின் வாயில் நீரூறச் செய்வதைக் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ‘வா’ என்ற சொல்லுக்குத் தன்னளவில் நாயிடம் பொருள் கிடையாது. அச்சொல்லுக்குப் பின் என்ன வருகிறதோ அதுவே அதன் பொருள். அழைத்து உணவு கொடுத்தால் அழைப்பு விருந்தாகிறது. அழைத்து அடித்தால் அழைப்பே அடியாகிறது. ஓடிப்போன நாய் திரும்பி வந்ததும் அதை அடிப்பவர், ஓடியதற்குத் தண்டித்ததாக எண்ணுகிறார். நாயோ, வந்ததற்குத் தண்டனை பெற்றதாகவே அறிகிறது.

செய்யும் முறை எளிது. முதலில் ஆரவாரமற்ற அறையில் இரண்டடி தொலைவிலிருந்து அழையுங்கள். வந்ததும், ஓரிரு நொடிக்குள், பட்டாணி அளவே ஆன துண்டு ஒன்றைக் கொடுங்கள். வேகவைத்த கோழி, முட்டை, பன்னீர் ஏதாயினும் நன்று. சாக்லேட்டும் வெங்காயமும் திராட்சையும் வேண்டா. அவை நாய்க்கு நஞ்சு. கொடுப்பதை அன்றைய உணவில் கழித்துக் கொண்டால் நாய் கொழுத்துப் போகாது. பிறகு தாழ்வாரம், அதன்பின் நீண்ட கயிற்றோடு திடல் என்று படிப்படியாகச் செல்லுங்கள். துண்டைக் கொடுக்கு முன் கழுத்துப் பட்டையை மெல்லத் தொடுங்கள். தொடும் கைக்கு அஞ்சாமை அப்பொழுதே வரும். பழக்கம் ஊன்றிய பின் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால் அடியோடு நிறுத்தினால் பழக்கமும் தேயும். நம் சிப்பிப்பாறை நாய், முயலைக் கண்ணால் கண்டு துரத்தவே வளர்க்கப்பட்ட இனம். ஓடும் முயலை விட்டுத் திரும்புவது அதற்குப் பெரிய தியாகம். பெரிய தியாகத்துக்குப் பெரிய கூலியே முறை.

நம்மைப் போல் பல மாநிலத்தார் கூடி வாழும் வளாகத்தில் இன்னொரு தொல்லை உண்டு. நாம் ‘வா’ என்கிறோம். மலையாள நண்பரும் ‘வா’ என்கிறார். தெலுங்கர் ‘ரா’ என்கிறார். வங்காளி ‘ஆய்’ என்கிறார். இந்தி பேசுவோர் ‘ஆ ஜா’ என்கிறார்கள். நாய் யார் பேச்சைக் கேட்கும்? இங்கே மொழிப்போர் வேண்டா. எம்மொழிச் சொல்லாயினும் ஒரு விடுதிக்கு ஒரே சொல்லாக இருக்கட்டும். அச்சொல் ஒருபோதும் பொய்க்காதிருக்கட்டும்.

இது பொழுதுபோக்கு என்று எண்ணற்க. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. அந்நோயைத் தடுக்க, நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊசி கையிலிருந்தாலும் நாய் கைக்கு அகப்பட வேண்டுமே! வலையும் சுருக்குக் கம்பியும் கண்டு ஒருமுறை தப்பிய நாய் மறுமுறை எளிதில் அகப்படாது. பெயர் சொன்னால் வரும் நாய்க்கோ வலை எதற்கு? 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகங்களில் சேர்க்க ஆணையிட்டது. அது சரி என்பாரும் தவறு என்பாரும் நம்மிடையே உண்டு. யார் பக்கம் நின்றாலும் ஓர் உண்மை மாறாது. அழைத்தால் வரும் நாய் கம்பியில் தொங்காமல் நடந்து செல்லும், மனிதரை நம்பும், அதற்கு ஒரு வீடு கிடைக்கும் வாய்ப்பும் மிகும்.

ஆகையால் இரவுதோறும் பிஸ்கோத்தை வீசிவிட்டுப் போகும் நண்பர்களை ஒன்று கேட்கிறேன். வீசுவது ஈகையாகலாம், ஆனால் அதனால் நாய் எதையும் கற்பதில்லை, யார் கையில் பொட்டலம் கண்டாலும் பின்தொடரவே பழகும். அதே பிஸ்கோத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு சொல்லால் அழைத்து, வந்த பின் கையால் கொடுங்கள். கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. கூடுதல் நேரம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் ஒருநாள் அந்நாயின் உயிரையும், நம்மில் ஒருவர் உயிரையும் காக்கக்கூடும். உழைத்தவர்க்குக் கூலி கொடுப்போம். கோலைக் கீழே போடுவோம்!