முகப்பட்டையின் உள்ளுறை

கோவிற்பட்டிப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கும் கரிசற்காட்டு உழவர் எழுத்தறியாதாராயினும் இதழ்களைப் படிக்காமற் செல்வதில்லை. கடைமுன் கயிற்றிலே தொங்கும் கிழமையிதழ்களின் முகப்பட்டைகள் அவர் கண்ணிற் பட்டே தீரும். உள்ளிருக்கும் கட்டுரை காசு கொடுத்தவனோடு நின்றுவிடுகின்றது. முகப்பட்டையோ வாங்காதவனையும் பிடித்து நிறுத்திப் பேசுகின்றது. ஆகவே, ஓர் இதழின் கொள்கை யாதென அறிய விழைவோர் முதலிற் படிக்க வேண்டியது ஆசிரியவுரையை அன்று; முகப்பட்டையையே!

படம் கண்டவுடன் விளங்கிவிடும் என்பர். அது பிழை. முகப்பட்டைக்கு உறுப்புகள் மூன்று: இதழின் பெயர், படம், படத்தைச் சூழ்ந்த எழுத்து. படம் பல பொருளுக்கு இடந்தருவது. எழுத்து அவற்றுள் ஒன்றைப் பற்றி நிறுத்துவது. அழும் பெண்ணொருத்தியின் படத்தின்கீழ் ‘வறட்சி’ என்றெழுதினால் ஒரு பொருள். ‘மணமுறிவு’ என்றெழுதினால் மற்றொரு பொருள். மாறியது படமன்று, பார்ப்பவனின் உள்ளம்.

இவ்வாய்வை மேலைநாட்டார் குறியியல் என்பர். பிரெஞ்சு அறிஞர் உரோலான் பார்த்து, 1957-இல் வெளிவந்த தம் நூலில், ‘பாரி மாச்சு’ என்னும் கிழமையிதழின் முகப்பொன்றை ஆய்ந்து காட்டினார். பிரெஞ்சுப் படையுடை அணிந்த கருநிற இளைஞன் ஒருவன் கண்ணுயர்த்தி வணக்கம் செய்கின்றான். மேற்பொருள் அவ்வளவே. உட்பொருளோ, பேரரசின் மக்களெல்லாரும் நிறவேறுபாடின்றி அதன் கொடிக்கீழ் மகிழ்ந்து தொண்டாற்றுகின்றனர் என்பது. 1954-இல் மூண்ட அல்சீரிய விடுதலைப் போரை அப்பேரரசு ஒடுக்கிக்கொண்டிருந்த காலம் அது! ஒரு சொல்லும் பொய் சொல்லாமலே ஒரு படம் பெரும்பொய்யை நிறுவிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழர்க்கு இது புதுக்கலையன்று. தொல்காப்பியர் வகுத்த உள்ளுறையும் இறைச்சியும், சொன்ன பொருளுக்கு அப்பாற் சொல்லாத பொருளைக் காணும் கலையல்லவா? ஐந்திணைப் பாட்டை முதல், கரு, உரி எனப் பகுத்துக் கற்றவன் முகப்பட்டையையும் அவ்வாறே பகுக்க வல்லவன்.

அதற்குக் கோவிற்பட்டியே நல்ல களம். நாடகத் திரை தீட்டிவந்த ஓவியர் கொண்டையராசு (1898–1976) 1940-களில் இவ்வூரில் தங்கினார். அவரும் அவர்தம் மாணவரும் தீட்டிய கடவுட் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகப் பெருகி ஊரூராகச் சுவரேறின. மேலே இறைவி, கீழே கடையின் பெயர். கை இறைவியை நோக்கிக் குவிகின்றது. கண் கடைப்பெயரில் வந்து நிற்கின்றது. தெய்வத்தை விலக்கியே உள்ளுறை அமைத்தல் வேண்டும் என்றார் தொல்காப்பியர். வணிகமோ தெய்வத்தையே தன் உள்ளுறைக்கு முதலாக்கிற்று! ஓவியரின் கைத்திறம் போற்றத்தக்கதே. படமும் பெயரும் அடுத்தடுத்து நின்றால் ஒன்றன் மதிப்பு மற்றொன்றுக்கு ஏறும் என்னும் நெறியே இங்கு அறிய வேண்டுவது.

இந்நெறி கொண்டு கிழமையிதழ்களை நோக்குக. ஆனந்த விகடன் (1926), கல்கி (1941), குமுதம் (1947) என்னும் பெயர்கள் மூன்றும் வடசொற்களே. ஆம்பல் என்னும் அழகிய சொல் இருக்கவும் குமுதம் முகப்பேறிற்று. பெரிய எழுத்தில் கிழமைதோறும் கண்ட சொல்லே உயர்ந்த சொல் என்று பிள்ளை நெஞ்சம் கொள்ளாதா?

அடுத்துப் படம். விகடன் நெடுங்காலம் நகைத்துணுக்கு ஓவியத்தை முகப்பிலிட்டது. அதில் வீடும் தெருவுமாவது இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் நகரத்தார் வீடும் தெருவுமே. பின்னர்த் திரைப்பட நடிகையரின் ஒளிப்படங்கள் முகப்புகளை நிறைத்தன. அவர் பின்னே பெரும்பாலும் வெறும் வண்ணப் பரப்பே. நிலமில்லை, பொழுதில்லை, மரமில்லை, தொழிலில்லை. முதலும் கருவும் பறிக்கப்பட்டு உரி மட்டும் எஞ்சிற்று. அவ்வுரியும் வாங்குவோன் வேட்கையாகச் சுருங்கிற்று.

கரிசல் மண்ணின் மாந்தர் இவ்விதழ்களுள் நுழையாமலில்லை. இடைசெவல் தந்த கு. அழகிரிசாமியும் கி. இராசநாராயணனும் அவர்களைக் கதைமாந்தராக்கித் தமிழுலகுக்குக் காட்டினர். எனினும், உள்ளே கதையாக நுழைந்தவர் முகப்பில் முகமாக ஏறியது அரிதினும் அரிது. பருத்தி எடுக்கும் உழத்தியும் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணும் முகப்பைப் பார்க்கும் உரிமை பெற்றனர். முகப்பிற் பார்க்கப்படும் தகுதி பெறவில்லை. ‘என் முகம் காட்டத்தக்கதன்று’ என்னும் பாடத்தை அவர்கட்கு எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. கயிற்றிலே தொங்கிய படங்கள் கிழமைதோறும் சொல்லின!

வேறு வழியே இல்லையோ? கோவிற்பட்டியை அடுத்த எட்டயபுரத்துப் பாரதியார் 1906-இல் தொடங்கப்பட்ட ‘இந்தியா’ கிழமையிதழில் அரசியற் கருத்துப்படங்களை வெளியிட்டார், முதற்பக்கத்திலேயே இட்டார். படத்தின் உட்பொருளை மறைக்காமல் விளக்கமும் உடன் தந்தார். அவ்விதழின் நடையில் வடசொல் மிகுந்திருந்தது உண்மையே. ஆயினும், அப்படம் படிப்பவனை எண்ணத் தூண்டிற்று. இன்றைய முகப்போ எண்ணாமல் வாங்கத் தூண்டுகின்றது.

அச்சிதழ்களின் காலம் தளர்ந்துவிட்டதே, இனி இவ்வாய்வு எதற்கு என்பார் உளர். கல்கி 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்திற்குச் சென்றது மெய்யே. கயிறு போயிற்று; கைப்பேசி வந்தது. விரலால் தள்ளத் தள்ள வந்து நிற்கும் சிறுபடமும் அதன்மேற் பொறித்த பெருவரியும் பழைய முகப்பட்டையின் மறுபிறப்பே. அன்று கிழமைக்கொன்று, இன்று நொடிக்கொன்று!

எனவே தமிழாசிரியர் ஒவ்வொருவரும் திணைப்பாடம் நடத்தும் நாளில் ஒரு முகப்பட்டையையும் வகுப்பிற்குக் கொண்டு செல்க. இது யார் முகம்? இது எந்நிலம்? இவ்வெழுத்து எப்பொருளைத் திறந்து எப்பொருளை அடைக்கின்றது? இம்மூன்று வினாக்களும் கற்ற பிள்ளையை எந்த வணிகனும் எளிதில் ஏய்த்தல் இயலாது.

தமிழ்நலம் பேணும் சிற்றிதழ்களும் அவ்வினாக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவையே. தலைவர் படத்தையும் முழக்கத்தையும் மட்டுமே முகப்பிலிட்டு உழத்தியின் முகத்தை மறந்தால், நடிகை நின்ற இடத்தில் தலைவர் நிற்கின்றார் என்பதன்றி வேறுபாடு யாது?

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலை மேலாகப் பார்த்துப் பாழ்நிலம் என்பவன் உழவனல்லன். அடியில் ஈரம் இருப்பதை அறிந்தவனே உழவன். முகப்பைக் காணும் தமிழனுக்கும் அவ்வுழவன் கண் வாய்க்க!